விக்கல்

தாத்தாவுக்கு விக்கல் எடுத்தபோது, "யாரோ நினைக்கிறார்கள்" என்று நாங்கள் சிரித்தோம். மூன்றாம் நாளும் நிற்கவில்லை. பரிசோதித்த மருத்துவர், சிறுநீரகக் கோளாறே காரணம் என்றார். அதன் பின்னரே விக்கலைப் பற்றிப் படிக்கலானேன்.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் திடீரெனச் சுருங்கும்போது காற்று உள்ளே பாய்கிறது. உடனே குரல்வளை மூடிக்கொள்கிறது. அப்போது எழும் ஒலியே விக்கல். அவசரமாக உண்பது, மிகுந்த காரம், சோடா முதலியன இதனைத் தூண்டும்.

சற்றே மூச்சை அடக்குதல், குளிர்ந்த நீரைச் சிறுகச் சிறுகப் பருகுதல் ஆகியவை பலன் தரக்கூடும். நிதானமாக மென்று, அளவோடு உண்டால் பெரும்பாலும் வராமலே தடுக்கலாம்.

நண்பர்களே! விக்கல் 48 மணி நேரத்திற்கு மேல் நீடித்தால், நினைப்பவர் யாரென்று ஆராய வேண்டாம், மருத்துவரிடம் செல்லுங்கள்.