காற்றுப் படகில் ஒரு நாய்

ரப்பர் படகு ஒன்றை மனத்தில் எண்ணிப் பாருங்கள். காற்றைத் தவிர அதற்குள் வேறொன்றும் கிடையாது. ஓர் ஆணி பட்டால் போதும், கதை முடிந்தது. அந்தப் படகில் நாயை ஏற்றப் போகிறோம். நாயின் ஒவ்வொரு காலிலும் வரிசையாக நகங்கள் இருக்கின்றன. அதுவோ ஓரிடத்தில் அடங்கி உட்காராத பிராணி. இது விவேகமான காரியமா?

விவேகமானதுதான் என்கிறார்கள் இத்தாலி நாட்டினர். அங்கே 1989-இல் ஃபெருச்சோ பிலெங்கா என்பவர், நீரில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்ற நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் போன்ற இன நாய்கள் அங்கே பயிற்சி பெறுகின்றன. காற்றடைத்த படகின் விளிம்பிலிருந்து அவை ஏரியிலும் கடலிலும் குதிக்கின்றன. வளர்ந்த நியூஃபவுண்ட்லாந்து நாய் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. உங்களில் பலரைவிட அது கனமானது! அப்படியிருந்தும் படகு வெடிப்பதில்லை, கவிழ்வதும் இல்லை. காரணம் என்ன? நீங்கள் வகுப்பில் படிக்கும் பௌதிகத்தைக் கொண்டே இதை விளக்கிவிடலாம்.

முதலில் படகைப் பார்ப்போம். காற்றடைத்த பொருளின் துணையால் ஆற்றைக் கடப்பது மிகப் பழைய உத்தி. கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசீரியச் சிற்பங்களில், ஊதிய ஆட்டுத் தோலை அணைத்துக்கொண்டு வீரர்கள் நீந்துவதைக் காணலாம். 1840-களில் பீட்டர் ஹால்கெட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஒரு வேடிக்கையான படகைச் செய்தார். அதை மேலங்கியாகத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். ஆறு குறுக்கிட்டால் துருத்தியால் ஊதிப் படகாக்கிக்கொள்ளலாம். குடைதான் அதற்குப் பாய்மரம்! 1952-இல் அலேன் பொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர், காற்றடைத்த சிறு படகில் தன்னந்தனியாக 65 நாட்களில் அட்லாண்டிக் கடலைக் கடந்து பார்படோஸ் தீவை அடைந்தார். காற்றுப் படகு விளையாட்டுச் சாமான் அல்ல என்பதை உலகம் அப்போது நன்றாகவே உணர்ந்தது.

கிணற்றில் நீச்சல் பழகும்போது லாரி டியூபைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் உங்களில் இருக்கக்கூடும். அதே தத்துவம்தான் இங்கும். படகின் இரு பக்கங்களிலும் 40 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள இரண்டு குழாய்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு குழாயின் கன அளவு 3.14 × 0.2 × 0.2 × 3, அதாவது சுமார் 0.377 கன மீட்டர். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 0.75 கன மீட்டர். குழாய்கள் முழுவதும் அமிழ்ந்தால் 750 லிட்டர் நீரை இடம்பெயர்க்கும். 750 கிலோ எடையைத் தாங்கும். படகு, இரண்டு மனிதர், ஒரு நாய் எல்லாம் சேர்ந்தாலும் அந்த அளவை எட்டுவது அரிது. ஆகவே நாயின் எடையால் படகு மூழ்கிவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

இனி நகத்துக்கு வருவோம்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. 30 கிலோ எடையுள்ள நாய் ஒன்று படகின் விளிம்பில் தாவி ஏறுகிறது. அந்தக் கணத்தில் 12 கிலோ எடை முன்காலின் நான்கு நகங்கள்மீது மட்டும் விழுவதாகவும், ஒவ்வொரு நகமுனையின் பரப்பு 2 சதுர மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நகத்துக்கு 3 கிலோ, பரப்பு 0.02 சதுர சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ எடை! 4,000 கிலோ எடையுள்ள யானையின் ஒரு பாதம் 1,000 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ளது என்றால், அது தரையில் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான். இந்தக் கணக்கின்படி, நாய் நகத்தின் முன் யானைப் பாதம் பஞ்சு மெத்தை.

பிறகு ஏன் படகு கிழிவதில்லை? நல்ல படகு வெறும் ரப்பரால் ஆனதன்று. பாலியெஸ்டர் நூலால் நெருக்கமாக நெய்த துணிதான் அதன் உடல், பி.வி.சி. அல்லது செயற்கை ரப்பர் அதன்மேல் பூச்சாக இருக்கிறது. நகம் ஓரிடத்தில் அழுத்தினால் அந்த இழைகள் குறுக்கும் நெடுக்கும் இழுபட்டு விசையைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளே இருக்கும் காற்றும் சற்று ஒடுங்கி இடம் கொடுக்கிறது. தவிர, தரையில் ஓடித் திரியும் நாயின் நகம் தேய்ந்து மழுங்கியிருக்கும். பூனை நகம்போல் கூர்மையாக இராது. கடையில் விற்கும் மெல்லிய விளையாட்டுப் படகுக்கு நெய்த துணியின் துணை கிடையாது. அதில் நாயை ஏற்றுவது, ஊதிய பலூன்மேல் நாயை ஏற்றுவதற்குச் சமம்.

உண்மையான எதிரி நகம் அல்ல, மணல்தான். கரையில் புரண்டு விளையாடிய நாய் தன் ரோமத்தில் ஏராளமான மணலைச் சுமந்து வருகிறது. மணலிலுள்ள குவார்ட்ஸ், படகின் பூச்சைவிடப் பன்மடங்கு கடினமானது. நாயின் பாதத்துக்கும் படகின் தளத்துக்கும் இடையே சிக்கிய மணல், தச்சரின் உப்புத்தாள்போல் வேலை செய்கிறது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. பல நாட்கள் தேய்ந்த பிறகு ஒரு நாள், கரையிலிருந்து வெகு தூரத்தில், உஸ் என்று சத்தம் கேட்கும். இதனால்தான் அனுபவசாலிகள் படகின் தளத்தில் தடித்த பாயையோ பழைய கம்பளத்தையோ விரிக்கிறார்கள்; நாயின் பாதங்களைக் கழுவிவிட்டு ஏற்றுகிறார்கள். பாய் இன்னொரு உபகாரமும் செய்கிறது. வழுக்கும் தளத்தில் நாய் நகங்களை ஊன்றியே நிற்க முயலும். பிடிமானம் கிடைத்துவிட்டால் நகத்தை ஊன்ற வேண்டிய அவசியமே அதற்கு இராது.

நல்ல படகில் காற்றறைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை மிதக்கவைக்கும்.

வெயிலில் நிறுத்திய சைக்கிளின் டியூப் படார் என்று வெடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். படகுக்கும் அந்த அபாயம் உண்டு. இதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. காலையில் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், வெளிக்காற்றைவிடக் கால் பங்கு வாயுமண்டல அழுத்தம் கூடுதலாக இருக்கும்படி படகை ஊதுகிறோம். உள்ளே மொத்த அழுத்தம் 1.25. நண்பகலில் கரையில் கிடக்கும் படகின் காற்று 57 டிகிரியை எட்டுகிறது. கெல்வின் அளவில் 300-லிருந்து 330; பத்து சதவீத உயர்வுதான். குழாயின் கன அளவு மாறவில்லை என்று கொண்டால் அழுத்தமும் பத்து சதவீதம் உயர்ந்து 1.375 ஆகும். அதனால் என்ன என்று கேட்கிறீர்களா? துணியை இழுப்பது மொத்த அழுத்தம் அல்ல. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம். அது 0.25-லிருந்து 0.375 ஆகிவிட்டது. ஐம்பது சதவீத உயர்வு! தையலும் ஒட்டும் விட்டுப்போக இது போதும். குளிர்ந்த நீரில் இறக்கினாலோ, அதே காற்று சுருங்கிப் படகு தொளதொளத்துவிடும். ஆகவே நீரில் சற்று நேரம் மிதக்கவிட்டு, மறுபடி காற்றைச் சரிபார்த்த பிறகே நாயை ஏற்ற வேண்டும்.

வெயிலில் காய்ந்த கரிய குழாயைத் தொட்டால் உங்கள் கை சுடும். நாய் அங்கே வெறும் காலுடன் நிற்கிறது. அதன் உடல் வெப்பம் சாதாரணமாகவே 38 முதல் 39 டிகிரி. உடல் முழுவதும் வியர்த்துக் குளிர நம்மால் முடியும், நாயால் முடியாது. வியர்வைச் சுரப்பிகள் அதற்குப் பெரும்பாலும் பாதங்களில்தான் உள்ளன. நாக்கைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு முந்நூறு தடவைக்கும் மேல் இரைத்து, நீரை ஆவியாக்கித்தான் அது உடலைக் குளிரவைக்கிறது. அதற்குத் தண்ணீர் வேண்டும். தாகமெடுத்த நாய் கடல்நீரை நக்கினால் நிலைமை விபரீதமாகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. குடலுக்குள் போன உப்பு, சவ்வூடு பரவல் முறையில் உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. இரத்தத்தில் உப்பு ஏறினால் மூளையின் செல்களும் நீரை இழந்து, வலிப்பு காணும், உயிரும் போகலாம். நல்ல தண்ணீரும் சிறிது நிழலும் இல்லாமல் நாயைப் படகில் ஏற்றுவது கொடுமை என்றே சொல்வேன்.

சரி, நாய் படகில் ஏறிவிட்டது. எங்கே உட்கார வேண்டும்? நடுவில், தளத்தில். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும்வரை படகு உறுதியாக இருக்கும். காற்றுப் படகின் மிதப்பு முழுவதும் இரு ஓரங்களிலும் இருப்பதால் அது எளிதில் கவிழாது. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் குழாய் மேலும் அமிழ்ந்து, மேலும் பலமாகத் தள்ளி நிமிர்த்தும். படகு கவிழ்வதைவிட அடிக்கடி நேரும் விபத்து வேறொன்று. கரை நெருங்கியதும் நாய்க்குப் பொறுமை போய்விடும், தாவும். 30 கிலோ நாய், விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முன்னோக்கித் தாவினால் அதன் உந்தம் 60. படகும் அதிலிருப்பவரும் சேர்ந்து 80 கிலோ என்றால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி படகு விநாடிக்கு 0.75 மீட்டர் வேகத்தில் பின்னே நகரும். தரையிலிருந்து தாவிப் பழகிய நாய்க்கு இது புரியாது. காலை உந்தும்போதே காலடி நழுவுவதால், குறி தவறித் துறைக்கும் படகுக்கும் இடையில் விழும். நின்றிருந்த மனிதரும் பின்பக்கமாகச் சாய்வார். ‘இரு’ என்ற ஒரு சொல்லுக்குக் கட்டுப்படும் நாய்தான் படகுக்கு ஏற்றது. அந்தப் பாடத்தைத் தரையில் கிடத்திய படகில் வைத்தே கற்பிக்க வேண்டும்.

நீரில் விழுந்தால் என்ன, நாய்தான் நீந்துமே என்பீர்கள். எல்லா நாயும் நன்றாக நீந்துவதில்லை. பெரிய தலையும் குட்டைக் காலும் சப்பை மூக்கும் கொண்ட புல்டாக் போன்ற நாய்கள் மூக்கை நீருக்குமேல் வைத்திருக்கவே திண்டாடும். நன்கு நீந்தும் நாய்க்கும் படகில் திரும்ப ஏறுவது கடினம். உருண்டையான, ஈரமான குழாயில் முன்கால்களுக்குப் பிடி இல்லை. பின்கால்களுக்கு ஊன்ற எதுவும் இல்லை. சுற்றிச் சுற்றி வந்து களைத்துப்போகும். ஆகவே மிதவைச் சட்டை அவசியம். அதன் முதுகில் உறுதியான கைப்பிடி இருக்கும். முழங்காலிட்டு அதைப் பிடித்து, நாயைப் படகின் முனைப் பக்கமாக இழுத்துவிடலாம். பக்கவாட்டில் இழுத்தால் உங்கள் எடையும் நாயின் எடையும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும் அல்லவா? இன்னொன்று: நாயை ஒருபோதும் படகில் கட்டிவைக்கக் கூடாது. படகு கவிழ்ந்தால் அந்தக் கயிறே அதற்கு எமனாகும்.

காற்றுப் படகு நீரில் அதிகம் அமிழாமல் மேலே மிதப்பதால் காற்றடித்தால் சருகுபோல் நகரும். 2021 ஆகஸ்டில் இத்தாலியின் ஸ்பெர்லோங்கா கடற்கரையில் நடந்தது இதுதான். காற்று மெத்தை, சிறு ரப்பர் படகு ஆகியவற்றில் மிதந்துகொண்டிருந்தவர்களைத் திடீரென வீசிய காற்று கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போயிற்று. அவர்களில் சிறுவர்கள் பலர். பிலெங்காவின் பள்ளியில் பயின்ற மூன்று நாய்கள், தம் பயிற்சியாளர்களுடன் கடலில் பாய்ந்து 14 பேரைக் கரை சேர்த்தன. நாயின் மிதவைச் சட்டையைப் பிடித்துக்கொண்டால் போதும். அது கரையை நோக்கி இழுத்துச் செல்லும்.

படகில் செல்லும் எல்லா நாய்களும் நீரில் குதிப்பதற்காகவே செல்வதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் வாசர் என்ற விஞ்ஞானியின் குழுவில் டக்கர் என்ற கறுப்பு நாய் இருந்தது. ஒரு காலத்தில் சியாட்டில் நகரத் தெருவில் திரிந்த நாய் அது. சிறு படகின் முனையில் நின்று கடலில் திமிங்கலச் சாணத்தை மோப்பம் பிடிப்பது அதன் உத்தியோகம்! ஓர்க்கா எனப்படும் கொலைத் திமிங்கலத்தின் கழிவு சிறிது நேரமே மிதக்கும். கண்ணால் தேடிப் பிடிப்பது கடினம். படகு காற்றுக்குக் குறுக்கே செல்லும். வாசனை எட்டியதும் டக்கர் அந்தப் பக்கம் சாயும், படகைத் திருப்புவார்கள். வாசனை விட்டுப்போனால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; மறுபடி திருப்புவார்கள். இப்படியே வளைந்து வளைந்து சென்று கழிவை அள்ளி எடுப்பார்கள். அதிலுள்ள ஹார்மோன்களைச் சோதித்து, அந்தத் திமிங்கலம் பசியோடிருக்கிறதா, கருவுற்றிருக்கிறதா என்று கண்டறிவார்கள். 2008 முதல் 2014 வரை இவ்வாறு சேர்த்த மாதிரிகளைக் கொண்டு, அக்கூட்டத்தில் கண்டறியப்பட்ட கருக்களில் 69 சதவீதம் வரை பிழைக்கவில்லை என்று 2017-இல் வெளியிட்டார்கள். சினூக் சால்மன் மீன் போதிய அளவு கிடைக்காததே முக்கியக் காரணம் என்றும் கூறினார்கள்.

இத்தனைக்கும் டக்கருக்குத் தண்ணீரில் நனைவது அறவே பிடிக்காது. அது நாள் முழுவதும் கடலில் உழைத்ததெல்லாம் ஒரு பந்துக்காகத்தான். மாதிரி கிடைத்ததும் படகிலேயே சற்று நேரம் பந்து விளையாட விடுவார்கள்.