எக்கிளேசியா: ஒரு சொல்லும் என் பிழையும்

பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் நான் கூறிய விளக்கமொன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. திருச்சபை என்று நாம் வழங்குவதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் எக்கிளேசியா. 'எக்' என்றால் வெளியே. 'கலேயின்' என்றால் அழைத்தல். ஆகவே, உலகத்தினின்றும் வெளியே அழைக்கப்பட்டோரே திருச்சபையினர் என்று பெருமிதத்தோடு சொல்லி முடித்தேன். கடைசி வாங்கிலிருந்து போதகர் ஒருவரின் மகன் எழுந்து, எபேசு நகரிலே கலகஞ் செய்தவர்களுக்கும் அதே சொல்தானாமே, அவர்களை அழைத்தவர் யார் என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. அவனை இருக்கச் சொன்னேன்.

அவன் சுட்டியது அப்போஸ்தலர் நடபடிகளின் 19ஆம் அதிகாரம். வெள்ளித் தட்டார் மூட்டிய கலகத்திலே, எதற்காகக் கூடினோம் என்பதைப் பலரும் அறியாமல் அரங்கிலே கூச்சலிட்ட கும்பலும் அங்கே எக்கிளேசியாதான். நகரின் சட்டப்படியான மன்றமும் எக்கிளேசியாதான். நம் தமிழ் வேதாகமமோ முன்னதைக் கூட்டம் என்றும், பின்னதை நியாயசங்கம் என்றும், கிறிஸ்தவர்களுடையதைச் சபை என்றும் பிரித்து வைத்தது. தமிழில் மட்டும் படிப்பவருக்கு மூன்றும் ஒரே சொல் என்பது புலனாகாது.

கிறிஸ்துவுக்கு முன்னரே அதென்ஸ் நகரிலே எக்கிளேசியா என்பது குடிமக்களின் பேரவையாக விளங்கிற்று. பினிக்ஸ் குன்றிலே கூடி, போரா சமாதானமா என்பதைக் கைதூக்கி முடிவு செய்தனர். சில தீர்மானங்களுக்கு 6000 பேராவது வேண்டும். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்நியருக்கும் அங்கே இடமில்லை. உரிமை பெரிதுதான், ஆயினும் சந்தையிலே வம்பளந்து நின்றவர்களைச் செஞ்சாயந் தோய்ந்த கயிற்றால் வளைத்துத் துரத்தியதாக அரிஸ்டோபனீசின் நகைச்சுவை நாடகம் காட்டுகின்றது. கி. மு. 4ஆம் நூற்றாண்டிலே வருவோர்க்குக் கூலியுங் கொடுத்தார்கள். நம்மூர்ச் சங்கச் செயலாளர்கள் கவனிப்பார்களாக!

கயிற்றுக்குத் தப்பி ஓடியவன், 'வெளியே அழைக்கப்பட்டேன்' என்றா எண்ணியிருப்பான்? எள்ளின் நெய்யே எண்ணெய். எனினும் தேங்காயெண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்றுஞ் சொல்கிறோம். எவரும் எள்ளை நினைப்பதில்லை. பகுதியைப் பிரித்துப் பொருள் கண்டதே என் பிழை.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், இஸ்ரவேலரின் கூட்டத்தைக் குறிக்கும் 'காகால்' என்பதற்குப் பல இடங்களில் எக்கிளேசியா என்றே எழுதினர். முதற் கிறிஸ்தவர்கள் அவ்வழியாகவே அதனைப் பெற்றனர் என்று கொள்வது பொருந்தும்.

பின்னர் அச்சொல் சண்டைக்கும் காரணமாயிற்று. 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்லியம் டின்டேல், 'சேர்ச்' என்பதை விலக்கிக் கூட்டம் எனப் பொருள்படும் 'கொங்கிரிகேஷன்' என்பதை இட்டார். 1529இல் தோமஸ் மோர் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். கூட்டம் என்றால் அதிகாரம் மக்கள் பக்கம் சாய்கிறது. சேர்ச் என்றால் குருமார் பக்கம். டின்டேல் 1536இல் கொல்லப்பட்டார். குற்றம் இவ்வொரு சொல் மட்டுமன்று. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் மொழிபெயர்ப்புக்கோ, சேர்ச் என்பதையே காக்கவேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. வேடிக்கை என்னவெனில், சேர்ச் என்பது எக்கிளேசியாவின் வழிவந்ததே அன்று. 'ஆண்டவருக்குரியது' எனப் பொருள்படும் 'கீரியக்கொன்' என்ற வேறொரு கிரேக்கச் சொல்லின் வழிவந்தது.

பிரெஞ்சின் 'எக்லீஸ்', போர்த்துக்கேயரின் 'இக்ரேஜா' ஆகியவையே எக்கிளேசியாவின் பிள்ளைகள். அவையும் இன்று கட்டடத்தைக் குறிக்கின்றன. பவுல் ரோமருக்கு எழுதுகையில், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்னுந் தம்பதியரின் வீட்டிலே கூடும் எக்கிளேசியாவுக்கு வாழ்த்துரைத்தார். அவர்கள் கூடாரந் தைத்துப் பிழைத்தவர்கள்.