படிக்க இடம் உண்டு. சாப்பிட இடம் எங்கே?

பந்திக்கு முந்து என்பது பழமொழி. பந்தியில் இடம் கிடைத்தும் கை நனைக்க முடியாதவன் என்ன செய்வான்?

மேஜை நிறையப் பண்டங்கள். ரொட்டி, வெண்ணெய், வறுத்த கோழி, ஆவி பறக்கும் சூப். மாணவர்கள் சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறார்கள். ஒருவன் மட்டும் ஒரு ஆப்பிள் பழத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நோய் இல்லை. கோபமும் இல்லை. பையில் பணம் இருக்கிறது. வயிற்றில் பசியும் இருக்கிறது.

அவன் யூதன். அந்தச் சாப்பாடு அவன் மதம் சொல்லும் முறைப்படி சமைத்தது அல்ல!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மதவிதியைக் கைவிடாத யூத மாணவர்களுக்கு ஒரு காலத்தில் இதுதான் நிலைமை.

கோஷர் என்றால் என்ன?

"கோஷர்" என்பது எபிரேய மொழிச் சொல். "தகுந்தது" என்று பொருள். எது உண்ணத் தகுந்தது, எது தகாதது என்று யூத மதம் வகுத்திருக்கிறது.

அசைபோடும் பிராணியாக இருக்க வேண்டும். அதன் குளம்பும் பிளந்திருக்க வேண்டும். ஆடும் மாடும் அப்படிப்பட்டவை. பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது. ஆனால் அது அசைபோடாது. ஆகையால் கூடாது. மீனுக்குச் செதிளும் துடுப்பும் வேண்டும். நண்டு, இறால் கூடாது.

ஆடு, மாடு, கோழியை முறைப்படி அறுக்க வேண்டும். கறியில் ரத்தம் தங்கக் கூடாது. அதற்காகக் கறியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு ஒரு மணி நேரம் உப்பில் வைத்துக் கழுவுகிறார்கள். முட்டையை உடைத்து, ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கீரையில் ஒரு சிறு புழுகூட இருக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய விதி ஒன்று உண்டு. கறியையும் பாலையும் சேர்க்கக் கூடாது! கறி சாப்பிட்டபின் பால் பண்டத்தைத் தொடப் பலர் 6 மணி நேரம் காத்திருக்கிறார்கள்.

இரட்டைப் பாத்திரம்

இதனால் கோஷர் சமையல் அறையில் எல்லாம் இரட்டை. கறிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி. கத்தி, கரண்டி, தட்டு, கழுவும் தொட்டி எல்லாம் அப்படியே. பல இடங்களில் மாறிப் போகாமல் இருக்க, கறிப் பாத்திரத்துக்குச் சிவப்பு அடையாளமும் பால் பாத்திரத்துக்கு நீல அடையாளமும் போடுகிறார்கள். எல்லாவற்றையும் கண்காணிக்க, விதி தெரிந்த ஒரு மேற்பார்வையாளர் இருப்பார்.

விடுதி அறையில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவன், தனி ஆளாக இத்தனையும் செய்ய முடியுமா?

கிளப் தெரு

நியூஜெர்சி மாகாணத்தில் உள்ளது பிரின்ஸ்டன் நகரம். விஞ்ஞானி ஐன்ஸ்டீன் தம் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களில் பலர் தனியார் கிளப்புகளில் சேர்ந்து சாப்பிடுவார்கள். பிராஸ்பெக்ட் அவென்யூ என்ற தெருவில் இந்தக் கிளப்புகள் வரிசையாக இருக்கின்றன. யாரைச் சேர்ப்பது என்று பல கிளப்புகளில் பழைய உறுப்பினர்களே முடிவு செய்வார்கள்.

1958-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். தேர்வு முடிந்தபோது 23 மாணவர்கள் இடம் இல்லாமல் நின்றார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் யூதர்கள்! பத்திரிகைகள் இதை எழுதின. பல்கலைக்கழகத்துக்குத் தலைகுனிவு ஏற்பட்டது.

கோஷர் விதியைக் கைக்கொண்ட மாணவனுக்கோ இரட்டைச் சங்கடம். கிளப்பில் இடம் கிடைத்தாலும் அங்கே அவன் சாப்பிட முடியாது.

மாணவர்கள் மூட்டிய அடுப்பு

1961-ம் ஆண்டில் யூத மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீட்டில் கோஷர் சமையலைத் தொடங்கினார்கள். "யாவ்னே இல்லம்" என்று பெயர் வைத்தார்கள். யாவ்னே ஒரு பழைய ஊர். கி.பி. 70-ல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தபின், யூத அறிஞர்கள் கூடிக் கல்வியைக் காப்பாற்றிய இடம் அது. பொருத்தமான பெயர் அல்லவா?

பசி தீர்ந்தது. ஆனால் அது அவர்களுடைய தனிப் பந்தி. மற்ற மாணவர்கள் வேறு இடத்தில் சாப்பிட்டார்கள்.

10 ஆண்டுகள் கழிந்தன. 1971-ல் பல்கலைக்கழகமே, கிளப்புகள் உள்ள அதே தெருவில், ஸ்டீவன்சன் மண்டபத்தில் கோஷர் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தது. 1993-ல் யூத வாழ்வு மையம் என்ற புதுக் கட்டிடம் எழுந்தது. அங்கே கோஷர் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. எந்த மதத்து மாணவரும் அங்கே போய்ச் சாப்பிடலாம்.

சனிக்கிழமைச் சாப்பாடு

வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் யூதர்களின் ஓய்வு நாள் தொடங்குகிறது. சனிக்கிழமை இருட்டும் வரை அடுப்பு மூட்டக் கூடாது. பணத்தைத் தொடக் கூடாது. அப்படியானால் சாப்பாடு?

வெள்ளிக்கிழமை பகலிலேயே கறி, பயறு, பார்லி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றி விடுகிறார்கள். அது இரவு முழுவதும் இளஞ்சூட்டில் வேகும். சனிக்கிழமை பகலில் சூடாகப் பரிமாறுவார்கள். இதற்குச் "சோலன்ட்" என்று பெயர். பணத்துக்குப் பல இடங்களில் முன்கூட்டியே ஏற்பாடு செய்து விடுகிறார்கள்.

அடுத்தடுத்த தட்டுகள்

டார்ட்மத் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 2001-ம் ஆண்டில் ஒரு புதிய சாப்பாட்டுக் கூடம் திறந்தார்கள். யூதர்களுக்குக் கோஷர், முஸ்லிம்களுக்கு ஹலால், இந்துக்களுக்குச் சைவம். மூன்றும் ஒரே கூடத்தில்! சைவச் சாப்பாட்டுக்கு அங்கே வைத்த பெயர் "சாகாஹாரம்". அமெரிக்கக் கல்லூரியில் ஒரு வடமொழிச் சொல்!

ஆப்பிள் பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தானே, அந்த மாணவன் கேட்டது விருந்து அல்ல. விதியையும் விடாமல், நண்பர்களையும் விடாமல், ஒரு வேளைச் சோறு. அதற்கு இரண்டு தொட்டியும் இரண்டு செட் பாத்திரமும் போதும் என்பதைத் தெரிந்துகொள்ளப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கே பல ஆண்டுகள் ஆயின.

பந்தியில் ஒருவன் கை நனைக்காமல் எழுந்தால், குறை அவனுக்கு மட்டுமா? பந்தி வைத்தவருக்கும் தானே!