பீனியாவில் காது இருக்கிறது. மலையில் குரல் இல்லை!

பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் ஷிப்டு மாறிப் போய்வரும் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் அன்றாடம் நடமாடும் அதே பீனியாவில், இரவு பகலாக ஆபத்துக் குரலுக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. இது பலருக்கும் தெரியாத சங்கதி.

இஸ்ரோவின் 'இஸ்ட்ராக்' வளாகத்தில் இயங்கும் அந்த நிலையம், இந்தியாவுக்கு மட்டுமல்ல, நேபாளம், பூடான், வங்காளதேசம், இலங்கை, மாலத்தீவு, செஷல்ஸ், தான்சானியா ஆகிய நாடுகளுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. கப்பல் மூழ்கினாலும், விமானம் விழுந்தாலும், மலையில் ஒருவர் சிக்கிக்கொண்டாலும், அங்கிருந்து புறப்படும் சமிக்ஞை செயற்கைக் கோள் வழியாக இங்கே வந்து சேரும். இங்கிருந்து தேடுதல் படையினருக்குத் தகவல் பறக்கும்.

ரெயில் விசில் சொல்லும் பாடம்

சமிக்ஞை அனுப்பும் கருவி கைக்கு அடக்கமானது. மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் போதும். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சுமார் 50 விநாடிக்கு ஒரு தடவை, அரை விநாடி நேரம் கத்தும். குறைந்தது 24 மணி நேரம் ஓயாது.

கத்துகிற இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்கு இது எளிதில் புரியும். நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் விசில் ஊதிக்கொண்டு நெருங்கும்போது சத்தம் கூர்மையாகக் கேட்கும். தாண்டிப் போனதும் தொனி சட்டென்று இறங்கிவிடும். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக் கோளுக்கும் சமிக்ஞை அப்படித்தான் மாறி மாறிக் கேட்கிறது. அந்த மாற்றத்தைக் கணக்குப் போட்டால் சில கிலோமீட்டருக்குள் இடம் அகப்படும். இப்போது கருவிக்குள்ளேயே ஜி.பி.எஸ். இருந்தால், சுமார் 100 மீட்டருக்குள் வந்துவிடும்.

பனிப்போர் உச்சத்தில் இருந்த 1979-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும், கனடாவும் பிரான்சும் கைகோத்துத் தொடங்கிய திட்டம் இது. 1982 செப்டம்பரில், கனடா மலைக்காட்டில் விழுந்த சிறு விமானத்திலிருந்த மூன்று பேரை முதன்முதலாக மீட்டுக் கொடுத்தது. அவர்களைக் காட்டிக்கொடுத்தது சோவியத் செயற்கைக் கோள்!

அந்தப் பனிப்புயல்

இத்தனை வசதி இருந்தும் மலையேறுவோர் பலரின் பையில் இக்கருவி கிடையாது. அங்கேதான் வேதனை.

2024 ஜூன் முதல் வாரம். உத்தராகண்ட் மாநிலத்தின் சகஸ்திர தால் பகுதிக்கு வழிகாட்டிகள் உள்பட 22 பேர் கொண்ட குழு நடைப்பயணம் போயிருந்தது. பெரும்பாலோர் பெங்களூர்வாசிகள். 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் திரும்பி வரும் வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. 9 பேர் மாண்டார்கள். 13 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள்.

கைபேசி அலை கிடைக்கும் இடம்வரை ஆள் நடந்து வந்த பிறகுதான் செய்தி வெளியே வந்தது. மறுநாள்தான் விமானப் படை ஹெலிகாப்டர்கள் பறந்தன.

கருவி இருந்தால் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. பொத்தானை அழுத்தினால் குளிர் குறையாது. இருட்டிலும் புயலிலும் அந்த உயரத்துக்கு ஹெலிகாப்டர் வராது. ஆனால் ஆள் இறங்கி நடக்கிற நேரம் மிச்சமாகும். உடம்பு விறைத்துப்போகும் குளிரில், அந்தச் சில மணி நேரம் லேசானதல்ல.

வேடிக்கை என்னவென்றால், கடலில் நம் மீனவர்கள் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டார்கள். படகுகளுக்கென்றே இஸ்ரோ தயாரித்த ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த புதிய ரகம், 'உங்கள் செய்தி கிடைத்தது' என்று படகுக்குப் பதிலும் சொல்கிறது.

சட்டத்தையும் கவனியுங்கள்

வெளிநாட்டில் விற்கும் செயற்கைக் கோள் தொலைபேசியையோ, செய்தி அனுப்பும் கருவியையோ யாரிடமாவது வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு வரும். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்களின் கையில் செயற்கைக் கோள் தொலைபேசி இருந்தது. அதன் பின் கெடுபிடி கூடியது. விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டு மலையேறிகள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது; ஆனாலும் முறையாக மலையேறுகிறவருக்கு அனுமதி எளிதாகக் கிடைக்க ஒரு வழி செய்தால் என்ன என்ற கேள்வி நியாயமானதே.

இமயமலை எல்லோருக்கும் எட்டாது. சனிக்கிழமை இரவு ரெயிலேறி, சுப்பிரமணியா ரோடில் இறங்கி, 1,712 மீட்டர் உயரமுள்ள குமார பர்வதம் ஏறும் இளைஞர்கள் அநேகர். 2024 ஜனவரியில் அங்கே கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால், கர்நாடக வனத் துறை மலையேற்றத்தை நிறுத்தி, முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. பதிவுச் சீட்டு வெறும் கட்டண ரசீது அல்ல. யார் ஏறினார், யார் இறங்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. இன்னொன்று: சக்லேஷ்பூர் மலைப் பாதையில் தண்டவாளத்தின் மேல் நடந்து குகைகளைப் பார்க்கப் போவது சட்டப்படி குற்றம். குகைக்குள் வண்டி வந்தால் ஒதுங்க இடம் தேடித் தவிக்க நேரிடும்.

கைபேசியை நம்பி ஏறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டவர் இல்லாத இடத்திலும் அதன் ஜி.பி.எஸ். நாம் நிற்கும் இடத்தைக் காட்டும். ஆனால் அது நமக்கு மட்டும்தான் தெரியும், வேறு யாருக்கும் போகாது. வரைபடத்தை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். அலை கொஞ்சம் கிடைத்தாலும் 112-க்கு முயலலாம். வேறு கம்பெனி டவர் வழியாகவும் அழைப்பு போகக்கூடும். கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலையேறிகளின் உலகப் பொது ஆபத்துக் குறி.

முறைப்படி 406 கருவி வாங்குகிறவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவில் வீட்டார் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். காரணம் உண்டு. வரும் சமிக்ஞைகளில் பெரும்பாலானவை கை தவறி அழுத்தியவை. அதனால் சமிக்ஞை வந்ததும் முதலில் அந்த எண்ணைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். போனை எடுக்கும் வீட்டம்மாவுக்கு, கணவர் எந்த மலைக்குப் போனார், என்று திரும்புவார் என்று தெரிந்திருக்க வேண்டும்.