மேப்பில் உள்ள கோடெல்லாம் பாதை ஆகாது
(மலை ஏரியைச் சுற்றி ஓடக் கற்றுக் கொண்ட பாடம்)

மொபைல் போன் திரையில் என்னைக் குறிக்கும் நீலப் புள்ளி ஏரித் தண்ணீருக்குள் நின்றது. நானோ கரையோரக் காட்டுப் பாதையில் மரத்தைப் பிடித்துக் கொண்டு நின்றேன். ஷூ நனையவில்லை. சிரித்துவிட்டுத் தொடர்ந்து ஓடினேன். மூன்று மணி நேரம் கழித்து அதே புள்ளியை நம்பி ஒரு செங்குத்துப் பாறையில் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

ஜி.பி.எஸ்., டிஜிட்டல் மேப் ஆகியவற்றைப் பயன்படுத்தி மலைப்பாதை ஓட்டத்தைத் திட்டமிடுவது இன்று மிக எளிது. ஆனால் இவை காட்டும் எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று தெரியாமல் பயன்படுத்தினால் ஆபத்து. என் அனுபவத்தை வைத்து அதனை இங்கு பார்க்கலாம்.

ஏரியும் பாதைகளும்

அலுவலக வேலையாக ஸ்லோவேனியா நாட்டின் தலைநகர் லியுப்லியானா சென்றிருந்தேன். அக்டோபர் மாதம். அங்கிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில், ட்ரிக்லாவ் தேசியப் பூங்காவிற்குள் உள்ளது போஹின் ஏரி. பனியாறு குடைந்த பள்ளத்தில் நீர் தேங்கி உருவான ஏரி இது. பனியாறு தள்ளிக் கொண்டு வந்த கல்லும் மண்ணும் கிழக்குப் பக்கத்தில் கரையாக அமைந்துவிட்டன. கடல் மட்டத்திலிருந்து 526 மீட்டர் உயரம். நீளம் சுமார் 4 கி.மீ.; அதிக ஆழம் 45 மீட்டர். மூன்று பக்கமும் மலைகள்.

இங்கு ஓடுவதற்கு மூன்று பாதைகளைச் சொல்லலாம்.

1. ஏரிச் சுற்று: சுமார் 12 கி.மீ. கிழக்கு முனையில் உள்ள ரிப்ச்செவ் லாஸ் என்ற ஊரில், தேவாலயத்தை ஒட்டிய கல் பாலத்தில் தொடங்கலாம். வடகரை முழுவதும் காட்டுப் பாதை. வேர்களும் கற்களும் அதிகம். மேற்கு முனையில் உகன்ட்ஸ் என்ற சிற்றூர். தென்கரையில் தார்ச் சாலை உண்டு, பஸ்ஸும் வரும். புதியவர்களுக்கு இதுவே போதும்.

2. மோஸ்ட்னித்ஸா பள்ளத்தாக்கு: ஏரிக்கு அருகே உள்ள ஸ்டாரா ஃபுஜினா ஊரிலிருந்து தொடங்குகிறது. ஆறு பாறையை அறுத்துச் செல்லும் குறுகிய இடுக்கு சுமார் 2 கி.மீ. நீளம். தண்ணீர் செதுக்கிய ஒரு பாறை, தும்பிக்கையை நீருக்குள் விட்ட குட்டி யானை போலவே இருக்கும். அதைத் தாண்டினால் அகலமான புல்வெளிப் பள்ளத்தாக்கு.

3. சாவித்ஸா அருவி: உகன்ட்ஸிலிருந்து மேற்கே ஏறினால் அருவிக்குச் செல்லும் படிகள் தொடங்கும் விடுதி வரும். அங்கிருந்து 500க்கும் மேற்பட்ட படிகள். அருவியின் உயரம் 78 மீட்டர்.

இந்த விடுதியின் அருகிலிருந்து இன்னொரு பாதையும் பிரிகிறது. கோமார்ச்சா என்ற செங்குத்துப் பாறைச் சுவரில் ஏறி, மேலே 1,294 மீட்டர் உயரத்தில் உள்ள கருப்பு ஏரிக்குச் செல்லும் பாதை. இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் அதில் உண்டு. இது ஓடுவதற்கான பாதையே அல்ல. இது எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது.

நான் செய்த தவறு

முதல் நாள் இரவு ஹோட்டல் அறையில் லேப்டாப்பைத் திறந்து, பாதை போட்டுத் தரும் ஓர் ஆப்பில் மூன்று இடங்களைக் கிளிக் செய்தேன்: கல் பாலம், அருவி, கருப்பு ஏரி. உடனே ஓர் அழகான சிவப்புக் கோடு வந்தது. போய்வர மொத்தம் 24 கி.மீ., 3 மணி நேரம் என்றது. பைலை மொபைல் போனுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் மதியம் ஓட ஆரம்பித்தேன். போட்டோ எடுத்து, நின்று நின்று, மாலை 4 மணிக்கு விடுதியை அடைந்தேன். காலையில் மழை பெய்து பாறை ஈரமாக இருந்தது. வழிகாட்டிப் பலகையில் ஒரு முக்கோணக் குறி இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. "இன்னும் 2 கி.மீ. தானே, கால் மணி நேரம்" என்று ஏறினேன்.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு கையில் இரும்புக் கம்பி, மறு கையில் மொபைல் போன். நீலப் புள்ளி கோட்டை விட்டு விலகி இருந்தது. வழி தவறிவிட்டேனோ என்று பக்கவாட்டில் இரண்டு அடி வைத்தேன். கால் வழுக்கியது. கம்பி கையில் இருந்ததால் தப்பித்தேன். மேலே பார்த்தால் பாதிகூட முடியவில்லை. திரும்பிவிட்டேன். இறங்குவது ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது. உகன்ட்ஸ் வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பேட்டரி 11 சதவீதம். கையில் டார்ச் இல்லை. வடகரைக் காட்டை விட்டுவிட்டுத் தார்ச் சாலை வழியே நடந்து ஊர் சேர்ந்தேன்.

ஆப் பொய் சொல்லவில்லை. அது சொன்னது என்ன என்பது எனக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூரமும் நேரமும்

என் ஆப் எல்லா இடத்திற்கும் மணிக்கு 8 கி.மீ. என்ற ஒரே வேகத்தை வைத்துக் கணக்கிட்டது. எனவே 2 கி.மீ. என்றால் 15 நிமிடம். ஏற்றம் கணக்கில் வரவில்லை.

1892ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறி ஓர் எளிய விதியைச் சொன்னார். ஏறத்தாழ 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் இன்னொரு மணி நேரம் கூட்ட வேண்டும். விடுதி சுமார் 650 மீட்டர் உயரத்தில் உள்ளது. கருப்பு ஏரி 1,294 மீட்டர். ஏற்றம் சுமார் 640 மீட்டர். இப்போது கணக்கிடுங்கள்: 2 கி.மீ.க்கு 24 நிமிடம், ஏற்றத்திற்கு 64 நிமிடம். ஆக 88 நிமிடம்! அதுவும் நல்ல பாதைக்குத்தான். ஈரப் பாறைக்கு இன்னும் கூடும். ஒரு கால்குலேட்டர் இருந்திருந்தால் போதும். நான் ஏறியிருக்க மாட்டேன்.

ஏற்றக் கணக்கு

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய சமதளமான ஏரிச் சுற்றுக்கு அதே ஆப் 400 மீட்டருக்கு மேல் ஏற்றம் காட்டியது. காரணம் இதுதான். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் ரேடார் மூலம் உலகின் பெரும்பகுதியை அளந்தது. அந்த உயரத் தகவல்களை இன்றும் பல மேப்கள் பயன்படுத்துகின்றன. அவற்றில் பூமி சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டத்திற்கு ஓர் உயரம். கரையோரப் பாதைக்குப் பக்கத்திலேயே மலைச்சரிவு இருந்தால், சரிவின் உயரமும் பாதையின் கணக்கில் சேர்ந்துவிடும். கோடு ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போதெல்லாம் இல்லாத மேடும் பள்ளமும் தோன்றும். எனவே பாறையோரப் பாதைகளில் இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

நீலப் புள்ளி

ஜி.பி.எஸ். சாட்டிலைட்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கிலிருந்து சிக்னல் வந்து சேரும் நேரத்தை அளந்து மொபைல் போன் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் கிடைக்கும். மலையடியில் வானத்தின் பாதி மறைந்துவிடும். மீதி சிக்னல்களில் சில பாறையில் மோதித் திரும்பி வரும். ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு தாமதம் ஏற்பட்டாலே 30 மீட்டர் தவறு வந்துவிடும். என் புள்ளி ஏரிக்குள் நீந்தியது இதனால்தான். இரண்டு அலைவரிசைகளைப் பயன்படுத்தும் மொபைல் போன்கள் 2018 முதல் கிடைக்கின்றன. இவற்றில் தவறு குறையும், முற்றிலும் நீங்காது. பாறையில் நிற்கும்போது 30 மீட்டர் என்பது சிறிய தவறு இல்லை.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

* ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலைப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற ஆப் ஒன்றில் அந்தப் பகுதி மேப்பை முன்பே டவுன்லோட் செய்யுங்கள். இன்டர்நெட் இல்லாமலும் மேப் திறக்கும்.

* ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பல மலைப் பாதைகளுக்குக் கடின அளவு பதியப்பட்டுள்ளது. சுவிஸ் மலையேறுவோர் சங்கத்தின் ஆறு நிலை அளவு இது. ஓஎஸ்எம்ஆண்டில் மேப் அமைப்புகளுக்குச் சென்று இதனை வண்ணங்களில் காட்டச் செய்யலாம். முதல் இரண்டு நிலைகளைத் தாண்டினால் ஓடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

* உங்கள் ஜி.பி.எக்ஸ். பைலைக் கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் ப்ரோ மூலம் திறந்து, காட்சியைச் சாய்த்துப் பாருங்கள். தட்டை மேப்பில் சாதுவாகத் தெரிந்த கோடு சுவரில் ஏறுவது உடனே தெரியும். இதே பைலை நோட்பேடிலும் திறக்கலாம். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய எண்கள்தான் வரிசையாக இருக்கும். பாறை ஈரமா, காய்ந்ததா என்று அதில் ஒரு வரிகூட இருக்காது.

* ஓடும்போது ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஜி.பி.எஸ்.ஸுக்கு சிம் தேவையில்லை. பெரும்பாலான மொபைல் போன்களில் அது தொடர்ந்து இயங்கும். டவரைத் தேடித் தேடி பேட்டரி தீர்வது நிற்கும். குளிரிலும் பேட்டரி வேகமாக இறங்கும் என்பதால் உட்பையில் வையுங்கள். ஆபத்தில் ஏரோப்ளேன் மோடை நீக்கிவிட்டு 112ஐ அழைக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திற்கும் இந்த எண் பொது. எந்த நிறுவனத்தின் டவர் கிடைத்தாலும் அழைப்பு செல்லும்.

* அந்த நாட்டின் பாதைக் குறிகளைத் தெரிந்து கொள்ளுங்கள். ஸ்லோவேனியாவில் வெள்ளைப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிவப்பு வளையமும் இருக்கும். 1922ல் அலோய்ஸ் க்னாஃபெல்ட்ஸ் உருவாக்கியது. பலகையில் முக்கோணம் இருந்தால் கடினமான பாதை. உள்ளே ஆச்சரியக்குறியும் இருந்தால் மிகக் கடினமான பாதை. நான் பொருள் தெரியாமல் கடந்து சென்ற குறி இதுதான்.

* திரும்ப வேண்டிய நேரத்தை முன்பே குறித்துக் கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிடுங்கள். சிறிய ஹெட்லைட் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏரிச் சுற்றை மட்டும் மீண்டும் ஓடினேன். வடகரையில் அதே இடத்தில் நீலப் புள்ளி மறுபடி தண்ணீருக்குள் சென்றது. இந்த முறை மொபைல் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, மரத்தில் இருந்த சிவப்பு வளையத்தைப் பார்த்து ஓடினேன். 12 கி.மீ.யும் வழி தவறவே இல்லை.