தட்டுக்கு வந்த தோட்டம்

நெல் விளையும் ஊரிலே பிறந்த பிள்ளைக்கு உணவுக்குறை ஏது என்பர். குளமும் வயலும் சூழ்ந்த எமது இறக்காமத்தைக் காண்போர் அவ்வாறே எண்ணுவர். ஆயினும், வயிறு நிறைவது வேறு. உடல் ஊட்டம் பெறுவது வேறு. இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது ஒரு பாடசாலைத் தோட்டமே.

ஆசிரியப் பணியேற்ற புதிதில், மாணவரோடு சேர்ந்து பாத்தி கட்டிக் கத்தரியும் பயற்றையும் பொன்னாங்காணியும் பயிரிட்டேன். வேலி அழகு, பெயர்ப்பலகை அதனினும் அழகு. பார்வையிட வந்தோர் பாராட்டினர். விளைந்தவற்றை அவர்களுக்கே பொதிகட்டிக் கொடுத்தனுப்பினேன். ஒருநாள், பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் கேட்டான்: "சேர், இதெல்லாம் ஆருக்கு?" விடைசொல்ல எனக்கு நா எழவில்லை.

அடுத்த போகத்திலிருந்து விளைச்சல் யாவும் பிள்ளைகளின் தட்டுக்கே சென்றது. கீரையென்றால் முகஞ்சுளித்தவர்கள், தாம் நட்ட கீரையைக் கேட்டு வாங்கி உண்டார்கள். பாடமும் அங்கேயே நிகழ்ந்தது. முருங்கையிலை தரும் விற்றமின் ஏ உடலிற் சேரக் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பூச் சேர்த்துச் சுண்டும் நம் தாய்மாரின் வழக்கம் அதற்கு ஏற்றதே. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கத் தேசிக்காய்ப்புளி துணைபுரியும். உணவோடு பருகும் தேநீர் அதனைத் தடுக்கும். கரும்பலகையில் எழுதியபோது இவற்றை மனனஞ் செய்தார்கள். தட்டிலே கண்டபின் வீடு சென்று தம் உம்மாமாருக்கு எடுத்துரைத்தார்கள்.

இது புதிய கருத்தன்று. 1930களில், கல்வியமைச்சர் கன்னங்கரா அவர்கள் ஆதரித்து வளர்த்த ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டத்திலே பயிர்ச்செய்கையும் பாடமாக இருந்தது. பரீட்சையின் வேகத்தில் நாம் அதை மறந்தோம்.

2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவுவிலை முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. அவ்வாண்டு, வீட்டுத்தோட்டம் செய்யவென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் வழங்கப்பட்டது. விதையைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவதென அறியாது திகைத்த படித்தவர்களை அப்போது கண்டேன். எம்மிடம் பயின்ற சிலரின் முற்றத்திலோ கீரைப்பாத்தி முன்னரே பசுமையாய் இருந்தது. பரீட்சைப் பெறுபேறு எதுவும் எனக்கு அத்துணை மனநிறைவைத் தந்ததில்லை.

ஆசிரிய நண்பர்களே, பெரிய நிலம் வேண்டியதில்லை; நான்கு பாத்திகள் போதும். பெயர்ப்பலகையும் வேண்டியதில்லை. "இது ஆருக்கு?" என்று கேட்கும் பிள்ளைக்கு, "உனக்குத்தான், மகன்" என்று கூசாமல் சொல்ல முடிந்தால், அதுவே பாடசாலைத் தோட்டம்.