பட்டா இருந்தாலும் மருத்துவக் காப்பீடு உண்டு

“நமக்குத்தான் பட்டா இருக்கிறதே, ஏழைகளுக்கான காப்பீடு எப்படிக் கிடைக்கும்?” பயிற்சி முகாம்களில் உரம், விதை பற்றிப் பேசி முடித்த பிறகு சிறு விவசாயிகள் பலர் கேட்கும் கேள்வி இது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நிலத்தின் அளவைப் பார்ப்பதில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானமே அளவுகோல்.

நிலக் கணக்கு பார்க்கும் திட்டம் வேறு. உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் நஞ்சையானால் 2.5 ஏக்கர், புஞ்சையானால் 5 ஏக்கர் என்று உச்சவரம்பு உண்டு. விபத்து நிவாரணம், பிள்ளைகளின் கல்வி உதவி போன்றவை அதில் வருகின்றன. அந்த விதியை இதற்கும் பொருத்திப் பார்த்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுபவர்கள் உண்டு.

காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11-ல் தொடங்கியபோது வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய். 2022-ல் இது 1,20,000 ரூபாயாக, அதாவது மாதத்துக்குச் சராசரி 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய வரம்பைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம். காப்பீட்டுத் தொகையும் 2018-ல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. இது ஆளுக்கு 5 லட்சம் அன்று. குடும்பம் முழுமைக்கும் சேர்த்தே. பிரீமியத்தை அரசு கட்டுகிறது.

வருமானத்தைச் சொல்லும் இடத்தில்தான் விவசாயிகள் தடுமாறுகிறார்கள். ஒன்றரை ஏக்கரில் நெல் விற்று 70,000 ரூபாய் வந்தது என்று வைத்துக் கொள்வோம். உழவு, விதை, உரம், நடவு, களை, அறுவடை இயந்திர வாடகை என்று 45,000 ரூபாய் போயிருந்தால் கையில் நின்றது 25,000 ரூபாய்தான். சான்று கேட்கப் போகும்போது விற்ற பணத்தை மட்டும் சொல்லிவிட்டு வருவது சரியல்ல. சாகுபடிச் செலவையும் எடுத்துச் சொல்ல வேண்டும். வரவு செலவு எழுதிய நோட்டு ஒன்று கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும். பண்ணைக் கணக்கு எழுதுங்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதே சமயம் பால் விற்ற பணம், கூலி, மகனின் சம்பளம் ஆகியவற்றை மறைக்கக் கூடாது. கணக்கில் எடுப்பது தனி ஆளின் வருமானத்தை அல்ல, குடும்ப வருமானத்தை.

குடும்பம் என்பது யார் யார்? கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோர். பிள்ளைகள் வேலைக்குப் போகும் வரை, அல்லது திருமணம் ஆகும் வரை, அல்லது 25 வயது நிறையும் வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை சேர்வார்கள். பெயர்களுக்கு ஆதாரம் ரேஷன் அட்டை. மூத்த மகன் வீட்டில் இருக்கும் தாயாரின் பெயர் இளைய மகனின் ரேஷன் அட்டையில் இருந்தால், அவசர நேரத்தில் அது பெரும் சிக்கலாகும். பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்க்காமல் இரண்டு மூன்று வருடம் விட்டுவிடுவதும் நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. முதலில் ரேஷன் அட்டையைச் சரி செய்து கொள்ள வேண்டும்.

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் அட்டை, ஆதார் அட்டைகளுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்ய வேண்டும். மணியக்காரர் என்றே இன்னும் சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பரம்பரைப் பதவிகள் 1980-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டன.

இருதய அறுவை, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறுக்கான டயாலிசிஸ் போன்ற பெரும் செலவுகளுக்கே இத்திட்டம். காய்ச்சலுக்கு மருந்து வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் மட்டுமே அட்டை செல்லும். அங்கும், அந்தச் சிகிச்சை திட்டப் பட்டியலில் உள்ளதா என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்வது அவசியம். ஏற்கெனவே நோய் இருப்பவர் என்று யாரையும் ஒதுக்குவதில்லை. முதியவர்களுக்கு வயது வரம்பும் இல்லை.

நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, மகன் சான்றுக்கும் மனைவி ரேஷன் அட்டைக்குமாக அலையும் நிலையில், பலர் நிலத்தை ஒத்திக்கு வைத்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். நடவு முடிந்து கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் வாரத்தில் இந்த வேலையை முடிக்கலாம். ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்களும் அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு முறை எடுத்துப் பார்த்துக் கொள்ளட்டும்.